கண்ணாடியில் தெரியும் தலைவர்

கேள்வி: சங்கத்துக்குத் தலைவராகிவிட்டேன். தலைவருக்குத் தீராத ஆர்வம் ஒன்று வேண்டுமாம், அதை உறுப்பினர்களுக்கும் தொற்றவைக்க வேண்டுமாம். எங்கே போய்த் தேடுவது? - ஸ்கூடாய் வாசகர்

பதில்: மாலை விழுந்ததும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தீர்களா? மாலையோடு வருவது எறும்புதான்!

தூரம் போக வேண்டாம். ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலைப் பாருங்கள். 1922இல் சிறு குடிசையாக இருந்த கோயில். 1991இல் தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற சின்னதம்பி சிவசாமி ஒருமுறை பாங்காக்கில் டுக்டுக்கில் போனபோது, தூரத்தில் வைரம்போல் ஏதோ மின்னியது. நம்மவர்களாக இருந்தால் துணிக்கடை விளக்கு என்று இறங்கியிருப்பார்கள். அவர் கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு கோயில் வாசலில் கண்ணாடி வேலைப்பாடு. ஊர் திரும்பியும் அந்த மினுக்கம் அவரை விடவில்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்து, 2009இல் கோயிலே ஜொலித்தது. மறு ஆண்டு மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் ஏறியது.

எனக்குப் பிடித்தது கண்ணாடிகூட இல்லை. ருத்திராட்சம் பதித்த சுவர்களுக்கு நடுவே இருக்கும் ஆத்மலிங்கத்துக்கு, வருகிற பக்தரே தம் கையால் பன்னீர் ஊற்றி வழிபடலாம். தொற்றவைப்பது என்றால் இதுதான் ஐயா. மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் முழங்குவது அல்ல.

உங்கள் சங்கத்தில் பன்னீர்ச் செம்பு யார் கையில்? தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நீங்களே என்றால், இந்த வாரமே இரண்டையாவது விட்டுக்கொடுங்கள்.