அதத் தூரப் போட்டுராதட்டி!

ஊருக்கு ஒருத்தியாவது இப்படி இருப்பாள். எல்லோரும் பிஸ்தா தின்றுகொண்டிருக்கும்போது அவள் கண் மட்டும் ஓட்டின் மேல் இருக்கும். எங்கள் பாளையங்கோட்டைக்கு வாய்த்தவள் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. முப்பது வருஷம் கைத்தொழில் டீச்சராக இருந்து ரிட்டயரானவள். டிசம்பர் பிறந்துவிட்டால் என் வீட்டுக்குள் நுழையும்போது "சாப்ட்டியாட்டி?" என்று கேட்க மாட்டாள். "குப்பய எப்பக் கொட்டுவ?" என்பாள்.

உடைந்த வளையல், மாத்திரை அட்டை, காலித் தீப்பெட்டி, குச்சி ஐஸின் குச்சி, பட்டுப்புடவையில் இற்றுப்போன சரிகை, பத்தமடைப் பாயின் நைந்த ஓரம் என்று எதை எடுத்தாலும், "அதத் தூரப் போட்டுராதட்டி, எதுக்காவது ஆவும்." எதுக்காவது என்றால் அவள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு.

மரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெயின்ட் வாளியில் மண்ணைப் போட்டு நட்ட சவுக்குக் கிளைதான். கடையில் விற்கும் உருண்டையைக் கட்டினால் தலை குனிந்து தரைக்கு வணக்கம் சொல்லிவிடும். ஆகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்: எந்தத் தொங்கலும் கட்டைவிரல் நகத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பேருக்கும் வெள்ளெழுத்து வந்து இருபது வருஷமாகிறது என்பதைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா கத்தரிச்சு மட்டும் குடு" என்றுதான் கூப்பிடுவாள். கத்தரித்துக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அஞ்சுக்கு ரெண்டு" என்று மார்க் போடுவாள். ரிட்டயரானது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான்.

போன வருஷம் ஆட்டுக்குட்டி. சுண்டைக்காய் அளவு தெர்மகோல் உருண்டை, மேலே பஞ்சு, கண்ணுக்கு இரண்டு கசகசா. கசகசா விற்கிற விலைக்கு நிஜ ஆட்டிலேயே கால் கிலோ வாங்கலாம் என்றேன். காதில் விழவில்லை. நொடியில் ஒட்டும் பசை ஈரம் பட்டால்தான் இறுகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கோ சும்மா இருந்தாலே விரல் வேர்க்கும் உடம்பு. கசகசா ஒட்டவில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. நகச்சாயம் அழிக்கிற அசிட்டோனைக் கொண்டுவந்து தேய்த்துப் பிரித்தாள். அதில் ஒரு சொட்டு ஆட்டின் மேல் விழுந்தது. தெர்மகோலுக்கு அசிட்டோன் ஆகாது. எங்கள் கண்ணெதிரே ஆடு சுருங்கிக் கரைந்து, பஞ்சு மட்டும் மிஞ்சியது. என் விரலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேதத்தில் நூற்றில் ஒன்றைத் தொலைத்த மேய்ப்பன் அழுதானோ இல்லையோ, இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, சரித்திரத்தைத் துணைக்குக் கூப்பிடுவாள். 1820-ல் இங்கே வந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர் அல்லவா? "அவுக நாட்டுல வைக்கோல்லயே நட்சத்திரம் செய்வாவளாம்." வைக்கோலை ஊறவைத்து, கீறி, இஸ்திரி போட்டு, நூலால் கட்ட வேண்டும். அங்கே கோதுமை வைக்கோல். எங்கள் நெல் வைக்கோல் இஸ்திரிப் பெட்டியோடு எழுந்து வந்தது. லௌஷா என்ற ஜெர்மன் ஊரில், மரத்தில் கட்டப் பழமும் கொட்டையும் வாங்கக் காசில்லாத ஒருவர் கண்ணாடியை ஊதி உருண்டை செய்தார், அதிலிருந்துதான் இந்தக் கடை உருண்டைகளே வந்தன என்று ஒரு கதை உண்டு. அதையும் சொல்வாள். ஏழ்மையில் பிறந்த கலையாம். சொல்லிவிட்டு, பசைத் துப்பாக்கியும் மினுமினுப்புத் தூளும் வாங்க டவுனுக்கு ஆட்டோ பிடிப்பாள். அந்த ஆட்டோக் காசுக்கே ஒரு டப்பா உருண்டை வந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அச்சு முறுக்கு, அப்புறம் முந்திரிக்கொத்து, அதற்கும் அப்புறம் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு தொங்கலுக்கும் விளக்கம் உண்டு. "இது ஊசிக்கோபுரம்." 1826-ல் கட்டிய கோயிலை ஒரே தீக்குச்சியில் முடித்திருந்தாள். "இது கழுத." நான் அதை இரண்டு நாளாக யோசேப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த மரத்தில் கண்ணுக்கு லட்சணமாக இருந்தவை சவுக்குக் காய்கள்தான். பைன் காயின் குட்டி போல, நுனி விரலில் நிற்கிற அளவில், வரிவரியாக. அவற்றை மரமே காய்த்திருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஐம்பது வருஷச் சிநேகிதம்.

கீத பவனி வந்த பையன்களில் ஒரு பொடியன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவள் முகமெல்லாம் பூரிப்பு. அவன் நிமிர்ந்து கேட்டான்: "ஆன்ட்டி, இன்னும் ஒண்ணுமே கட்டலியா?"

அன்று முந்திரிக்கொத்து அவனுக்கு மட்டும் ஒன்றுதான்.

ஒருவழியாகத் தொங்கல்கள் பிஸ்கட் டின்னுக்குள் போயின. முழு மரமும் ஒரே டின்னில் அடங்கிவிட்டது. விட்டது தொல்லை என்று நானும் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கத் தொடங்கினேன். பரணில் ஏணியைச் சாய்த்து இரண்டாவது படியில் கால் வைத்ததும் போன் அடித்தது.

"ஏட்டி, வீடு ஒதுக்குதியாமே? ஒண்ணையும் தொடாத. ஆட்டோல ஏறிட்டேன்."