ஐவரியா, க்ரீமா? ஆலங்காயத்து ஹாலுக்கு ஆறு யோசனைகள்

கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் உண்டு. ஹாலுக்கு ஐவரி அடிப்பதா, க்ரீம் அடிப்பதா என்று பார்க்க எதுவும் இல்லை. ஆகவே:

1. ஷேடு கார்டை வைத்துச் சண்டை போடாதீர்கள். தபால்தலை அளவு சதுரத்தில் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் மெஷினில் வெள்ளை பேஸை வைத்து மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம் விடுவார். சில சொட்டு ஏறினால் அடுத்த ஷேடு. வீடு இரண்டு கட்சியாகப் பிரிவது அந்தச் சொட்டுகளுக்காகத்தான்.

2. சாம்பிள் டப்பா வாங்கி, பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் இரண்டு கோட் போடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். காய்வதற்குள் கருத்துச் சொல்ல வருபவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

3. காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். ரெட் ஆக்சைடு தரையென்றால் சுவரின் அடிப்பக்கம் ரோஸ் தட்டும். எதிர்வீடு பச்சையென்றால் உங்கள் ஐவரியிலும் பச்சை வரும். அந்த வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

4. நிபுணரை அழையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிக்குப் போகும் சொந்தக்காரர் யாராவது இருப்பார். ஜோடியில் இடதுக்கும் வலதுக்கும் தோல் ஷேடு மாறினால் ஒதுக்கித் தள்ளுகிற கண் அது. அங்கே லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான 6500 கெல்வின் விளக்கிலும் கடை விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றில் ஒத்துப்போவது இன்னொன்றில் காலை வாரிவிடும். அவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "தோலா இருந்தா கரெக்டா சொல்லிடுவேன் மாமா" என்பார். பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

5. "எனக்கு வித்தியாசமே தெரியலை" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்துக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதை வீட்டம்மா நினைவூட்டுவார்.

6. ஏதாவது ஒன்றை அடித்து, ஷேடு நம்பரை டப்பா மூடியில் எழுதி வையுங்கள். மிச்சப் பணத்தில் இரண்டு பல்பு வாங்குங்கள். க்ரீம் கேட்ட மாமியார் வரும்போது மஞ்சள் பல்பு, ஐவரி கேட்ட அம்மா வரும்போது வெள்ளை பல்பு. இருவரும் ஒரே நாளில் வந்தால், கரண்ட் போய்விட்டது என்று சொல்லுங்கள். ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.