வாப்பாவின் கணக்குப் பெட்டி

கேள்வி: வாப்பாட கடையில கணக்குப் பார்த்த பழைய டெஸ்க்டொப் ஒண்டு கிடக்கு. கொஞ்சச் சல்லியில அதைக் கேம் விளையாடுற மாதிரி ஆக்கலாமா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: முதலில் வாப்பாவின் மனதை மாற்றுங்கள், அதற்குச் சல்லி வேண்டாம். எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். படம் தடங்காமல் ஓட கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. பழையது கிடைக்குமா என்று கல்முனையில் விசாரியுங்கள். 75 வாட்தான், பெரும்பாலானவை மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பவர் சப்ளை மாற்றும் செலவு மிச்சம். கலர் லைட் எரியும் கேசிங்கைக் காட்டி மயக்குவார்கள். அது பெருநாள் சோடனை, வேகம் கூடாது. புறப்படுமுன் உங்கள் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒல்லிப் பெட்டிக்குள் முழு உயரக் கார்ட் இறங்காது.