ரசிகர் என்னும் அசையாச் சொத்து

பெறுநர்
இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம்,
வான்கடே மைதான வளாகம்,
மும்பை.

பொருள்: வாரியத்தின் சொத்துக் கணக்கில் விடுபட்டுப்போன ரசிகர் – விவரம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

ஐயா,

இந்தியக் கிரிக்கெட் ரசிகர், வாரியம் காசு கொடுத்து வாங்காமலே அதற்கு வாய்த்த சொத்து. ஒளிபரப்பு உரிமைக்கும் விளம்பர உரிமைக்கும் கணக்கேட்டில் இடம் உண்டு. இந்தச் சொத்துக்கு இல்லை. அக்குறை தீர, மேற்படி சொத்தின் விவரங்கள் கீழே வரிசையாகத் தரப்படுகின்றன.

உரிமை: 1928இல் தோன்றிய வாரியம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு சங்கம். அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களும் இதே சட்டத்தில்தான் பதிவாகின்றன; அவற்றின் பொதுக்குழு முடிவைக் கேட்டு எவரும் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததாகத் தகவல் இல்லை. அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு சொல்லும் 'அரசு' என்பதில் வாரியம் அடங்காது என்று 2005இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தனர். களத்தில் ஆடுவது வாரியத்தின் அணி, நாட்டின் அதிகாரபூர்வ அணி அன்று என்பது வாரியத் தரப்பின் வாதம். இந்த வாதத்தின் நகல் ரசிகருக்கு இன்றுவரை சார்வு செய்யப்படவில்லை. அணி இந்தியாவுடையது என்றே அவர் நம்பிவருகிறார்.

மதிப்பு: 2023இல், ஐந்தாண்டுகளில் உள்நாட்டில் நடக்கும் 88 ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை 5,963 கோடி ரூபாய்க்கு விலைபோனது, ஆட்டத்துக்குச் சுமார் 68 கோடி. ஒரு பதிவுபெற்ற சங்கத்தின் ஆட்டத்துக்கு இந்த விலையை எவரும் தரமாட்டார்கள். நாட்டின் ஆட்டம் என்று நம்பிப் பார்க்கும் கண்களுக்கே அந்த விலை. ஆகவே, மேற்படி நகலைச் சார்வு செய்யாமல் விட்டதை நிர்வாகத் திறமை என்றே கொள்ள வேண்டும்.

அடையாளம்: ஆட்டக்காரரின் தொப்பியில் இருப்பது வாரியத்தின் முத்திரை, ரசிகரின் கன்னத்தில் இருப்பது தேசியக் கொடி. பிகாரின் முசாஃபர்பூரைச் சேர்ந்த ஒருவர் உடம்பெங்கும் மூவர்ணம் பூசிக்கொண்டு, சங்கும் கையுமாகப் பல ஆண்டுகளாக மைதானம் மைதானமாகப் போய்வருகிறார். அணிச் சட்டையின் நெஞ்சில் சஹாரா, ஸ்டார், ஓப்போ, பைஜூஸ், ட்ரீம்11, அப்பல்லோ டயர்ஸ் எனப் பெயர்கள் மாறிமாறி வந்தன. ரசிகர் அவற்றில் ஒன்றையும் படித்ததில்லை. 'இந்தியா' என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

வகை: இது அசையாச் சொத்து. இரண்டு மட்டையாளர்கள் நிலைத்து ஆடத் தொடங்கிவிட்டால் ரசிகர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டார். பக்கத்தில் இருப்பவரையும் எழவிடமாட்டார். காலை மடக்கி உட்கார்ந்தபோது சிக்ஸர் போனதென்றால், மரத்துப்போனாலும் ஆட்டம் முடியும்வரை அந்தக் கால் நீளாது. "மாமா, நீங்க உள்ள வந்தீங்க, விக்கெட் போச்சு" என்று சொல்லி, ஊரிலிருந்து வந்தவரைப் பையோடு திண்ணையிலேயே உட்கார வைப்பதும் உண்டு. மெல்போர்னில் எழும்பும் பந்து எங்கே விழ வேண்டும் என்பதை மதுரையில் மடங்கிய ஒரு முழங்கால் முடிவு செய்கிறது. பந்துவீச்சுப் பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு, முழங்காலுக்கு இல்லை.

பராமரிப்பு: அறவே தேவையில்லை. 2023 உலகக் கோப்பை அட்டவணை, போட்டி தொடங்க நூறு நாள் இருக்கும்போது வெளியானது. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் அக்டோபர் 15 என்று நம்பி ரசிகர்கள் அகமதாபாத்துக்கு ரயிலும் அறையும் பதிவு செய்தார்கள். அன்று நவராத்திரி தொடங்குகிறது. ஆகஸ்டில் ஆட்டம் 14ஆம் தேதிக்கு மாறியது. வாரியத்துக்கு அவ்வாண்டுப் பஞ்சாங்கம் தாமதமாகக் கிடைத்திருக்கலாம். டிக்கெட் விற்பனை அதற்கும் பிறகு, ஆகஸ்ட் 25இல்தான் தொடங்கியது. 2024 அக்டோபரில் புணே டெஸ்டின் முதல் நாள், வெயிலில் இருந்தவர்களுக்குக் குடிதண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாநிலச் சங்கம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த டெஸ்டில் அணி தோற்றது. தாகத்தை மறந்துவிட்ட ரசிகர் தோல்வியை இன்னும் மறக்கவில்லை.

பழுது: இல்லாமல் இல்லை. 1996 மார்ச் 13 அன்று ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்றிருந்தபோது பாட்டில்கள் பறந்தன, இருக்கைப் பகுதியில் தீ எரிந்தது. ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. தன் வீட்டார் தோற்றுவிட்டார்கள் என்று நினைப்பவரின் கோபம் இது. வாரியத்தின் வாதத்தைப் படித்திருந்தால் வந்திருக்காது. அதே சொத்து 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 எடுத்தும் 12 ஓட்டங்களில் டெஸ்ட் கைநழுவிய பிறகு, எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது என்பதையும் ஏட்டில் குறிக்க வேண்டும்.

தேய்மானம்: பூஜ்யம். 2013 சாம்பியன்ஸ் டிராபிக்குப் பின் 2024 வரை ஆடவர் அணி ஐசிசி கோப்பை எதையும் வெல்லவில்லை. இடையில் ஐந்து இறுதியாட்டங்களில் தோற்றது. ஐந்தாவது, பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின் அகமதாபாத்தில் வந்த தோல்வி. ஒவ்வொரு முறையும் "இனி கிரிக்கெட்டே பார்ப்பதில்லை" என்று சபதம் செய்த ரசிகர், அடுத்த தொடரின் டாஸுக்கு முன்பே இடம்பிடித்துவிட்டார். 2024 ஜூலை 4 அன்று, ஒருவழியாக வென்ற கோப்பையுடன் பேருந்து வரும்வரை மும்பை மரைன் டிரைவில் மணிக்கணக்கில் நின்றார். அன்று மாலை வான்கடேயில் அணிக்கு 125 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. ரசிகர்களில் பலர் நெரிசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பினார்கள்.

பரிந்துரை: தண்ணீர், சரியான தேதி, கூரை போன்ற வசதிகளைச் செய்து இச்சொத்தைப் பழக்கக் கூடாது, கேட்கத் தொடங்கிவிடும். அணி யாருடையது என்ற வாதத்தை மட்டும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அது வெளியே வந்து, ரசிகரும் நம்பிவிட்டால், வாரியத்திடம் மிஞ்சுவது ஒரு பதிவுச் சான்றிதழ் மட்டுமே. இதன்மீது வாரியம் எந்த நடவடிக்கையும் எடுக்காது என்ற முழு நம்பிக்கையுடன் இவ்விவரம் சமர்ப்பிக்கப்படுகிறது.

இங்ஙனம்,
சொத்து விவரம் தொகுத்தவர்