உறக்கம் வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: நயினார்கோவில் ஒன்றியத்து மடிக்கணினிகளின் சார்பில், பரமக்குடி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு ஏ.சி.பி.ஐ. அவர்கள், மின் மேலாண்மை அலுவலகம், பயாஸ் சிப், மதர்போர்டு வளாகம்.

பொருள்: லினக்ஸ் குடும்பத்தாருக்கு முறையான உறக்கம் மறுக்கப்படுவது தொடர்பாக.

பார்வை: இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூவர் 1996 டிசம்பரில் வெளியிட்ட தங்கள் அலுவலகத்தின் முதல் விதித்தொகுப்பு.

ஐயா,

ஏ.சி.பி.ஐ. என்பது மடிக்கணினியின் மின்சாரக் கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் அலுவலகம். பேட்டரியில் மிச்சம் எவ்வளவு, மூடி திறந்திருக்கிறதா, விசிறி எப்போது சுழல வேண்டும், எந்தக் கருவிக்கு மின்சாரத்தை நிறுத்தலாம் என்ற அட்டவணைகள் எல்லாம் இங்கேதான் உள்ளன. இயங்குதளம் எதுவானாலும் இவற்றைப் படித்துத்தான் கருவிகளிடம் வேலை வாங்க முடியும். விதிகளைப் பராமரிப்பது 2013 முதல் யூஇஎஃப்ஐ மன்றம். ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை எழுதுவது அந்தந்தத் தயாரிப்பாளர். விதி ஓரிடம், கோப்பு வேறிடம் என்ற இந்த ஏற்பாடு தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கிய எவருக்கும் புதிதல்ல.

அலுவலக வாசலிலேயே ஒரு விசாரணை உண்டு. அட்டவணைக்குள் இருக்கும் நிரல், வந்திருக்கும் இயங்குதளத்திடம் "விண்டோஸின் இன்ன பதிப்பு தெரியுமா?" என்று கேட்கும். லினக்ஸ் கெர்னல் சற்றும் கூசாமல் "தெரியும்" என்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால், 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து, "இல்லை" என்பதே அதன் வழக்கமான பதில். காரணம் எளிது. தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்த்தது விண்டோஸுக்கான வழியை மட்டுமே. லினக்ஸ் என்று உண்மை சொன்னால், யாரும் நடந்து பார்க்காத வழியில் போய் முட்டிக்கொள்ள நேர்ந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்டிப்புகளை விண்டோஸுக்கே உரியதாக ஆக்க முடியாதா என்று பில் கேட்ஸ் 1999 ஜனவரியில் தம் ஆட்களுக்கு எழுதிய மின்னஞ்சல், பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநில வழக்கொன்றில் சான்றாவணமானது. அந்த யோசனை அப்படியே சட்டமாகவில்லை. ஆகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சோதிக்காமல் விட்டதே போதுமானதாயிற்று.

இந்த விவகாரத்துக்கு நயினார்கோவிலில் தனிச்சுவை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி, 2007இல் வெளிவந்த இயங்குதளம் அது. ஆக, அரசு நிறுவனம் ஆக்கிய லினக்ஸ், அரசு கொடுத்த கணினிக்குள், விண்டோஸ் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டுதான் மின்சாரம் கேட்டது. அதுவும் 2012இல், சென்னைக்கு வெளியே கரண்ட் மணிக்கணக்கில் போய்விடும் காலத்தில்! 2016இல் இதே மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. கணினியின் உறக்கப் பிரச்சினைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சார்ஜ் நிற்காததற்குக் குறை எங்கே என்று தேடுவோர் முதலில் பேட்டரியின் வயதைப் பார்க்க வேண்டும். கெர்னலின் பவர் சப்ளை அடைவில் இரண்டு எண்கள் இருக்கும்: பேட்டரி பிறந்தபோதிருந்த கொள்ளளவு, இன்றைய முழுக் கொள்ளளவு. யூபவர் கருவி இரண்டையும் சேர்த்தே காட்டும். முதல் எண் 48 வாட்-மணி, இரண்டாவது 24 என்றால் பேட்டரிக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் நூறு சதவீதத்தில் நிற்பதும் ஆகாது. முற்றத்தில் குண்டு மிளகாய் காயும் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜரைப் பிடுங்காமல் வைத்திருந்தால் இரண்டு கேடும் ஒருங்கே கிடைக்கும். சில மாடல்களில் சார்ஜ் ஏறுவதை 80 சதவீதத்தில் நிறுத்த ஒரு வரம்புக் கோப்பு உண்டு. உங்கள் அலுவலகமும் டிரைவரும் இசைந்தால்தான் அது கண்ணில் படும்.

அடுத்தது மனுவின் உயிர்நாடி: உறக்கம். தங்கள் விதிப்படி எஸ்3 என்பது ஆழ்ந்த தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் அணைப்பு. எஸ்4இல் நினைவகமே வட்டுக்குப் போய்விடும். புதிய கணினிகள் பலவற்றில் எஸ்3 சத்தமில்லாமல் நீக்கப்பட்டு, கைபேசி மாதிரி விழித்தபடியே ஓய்வெடுக்கும் முறை வந்திருக்கிறது. மெம் ஸ்லீப் என்ற ஒற்றை வரிக் கோப்பைத் திறந்தால் நிலவரம் தெரியும். அதில் பொதுவாக எஸ்2ஐடில், டீப் என்ற சொற்கள் இருக்கும்; நடப்பிலுள்ளது சதுர அடைப்புக்குள் நிற்கும். டீப் இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். டீப் என்ற சொல்லே இல்லையென்றால், அந்த மாடலில் உங்கள் அலுவலகம் ஆழ்ந்த தூக்கத்தை வழங்கவில்லை என்று பொருள். அப்போது ஒரே ஒரு கருவி ஓய்வுக்கு ஒத்துழைக்காவிட்டாலும் சிப்செட் முழுதாக அடங்காது. மூடியை மூடிப் பைக்குள் வைத்த கணினி, பரமக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இட்லிப் பானையாய்ச் சுடுவது இதனால்தான். இன்டெல் கணினிகளில் ஆழ்நிலையில் கழிந்த நேரத்தைச் சொல்லும் எண்ணி ஒன்றுண்டு. கணினியை உறங்கவைத்து எழுப்பிய பிறகும் அது பூஜ்யமாகவே இருந்தால், உறங்கியதாகச் சொன்னது வெறும் பாவனை.

தானாக விழித்துக்கொள்வது வேறு வியாதி. எழுப்பும் உரிமை பெற்ற கருவிகளின் பட்டியல் தங்களிடமே இருக்கிறது. யூஎஸ்பி மவுஸ் லேசாக அசைந்ததற்கெல்லாம் கணினி எழுந்தால், அது செருகியிருக்கும் யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் பெயரை வேக்அப் கோப்பில் எழுதி உரிமையை ரத்து செய்யலாம். மறுதொடக்கம் ஆனதும் ரத்தாணையும் ரத்தாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதை எழுத, லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியில் ஒரு சிறு சேவையை வைக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், லினக்ஸ் தரப்பிலும் குற்றம் உண்டு. டிஎல்பி, பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்ற இரு மின் மேலாண்மை நிரல்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால், ஒரே நாற்காலிக்கு இரண்டு அதிகாரிகள்; ஒருவர் போட்ட உத்தரவை மற்றவர் மாற்றுவார். ஒருவரை நிறுத்துவதே மருந்து. எந்த நிரல் மின்சாரத்தைத் தின்கிறது என்பதை பவர்டாப் காட்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டை வேலையில்லாமல் விழித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், ஜர்னல் பதிவேட்டில் முந்தைய தொடக்கத்தின் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். நயினார்கோவில் நாகநாதர் சன்னதியில் வாய் பேசாத பெண் பேசினாள் என்பது தலக்கதை. கணினி ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "ஏ.சி.பி.ஐ. பயாஸ் பிழை" என்று தங்கள் பெயரைக் குறிப்பிட்டே சொல்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து, எஸ்3ஐத் தேர்ந்துகொள்ளும் வசதியை பயாஸ் பட்டியலில் மீண்டும் சேர்க்கவும், அட்டவணைகளை லினக்ஸிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கணினியை விற்பனைக்கு அனுப்பச் செய்யவும், திருத்திய பயாஸை விண்டோஸ் இல்லாதவர்களும் ஏற்றிக்கொள்ளும்படி லினக்ஸ் வென்டர் ஃபர்ம்வேர் சர்வீஸ் வழியாக வெளியிடச் செய்யவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மேற்படி மடிக்கணினிகளுக்காக.

நகல்: தயாரிப்பாளர்கள் அனைவருக்கும், தக்க நடவடிக்கைக்காக.