கைக்குத் தெரிந்த கியர்

அம்பாசிடரும் பத்மினியும் மெட்டாடோரும் ஓடிய காலத்தில் கியர் ராடு ஸ்டீரிங்குக்கு அடியிலேயே இருந்தது. ஹேண்ட் கியர் என்போம். முன்சீட் ஒரே நீள பெஞ்சு. காலுக்கு நடுவே தரையிலிருந்து எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் டிரைவரோடு சேர்ந்து மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். முகூர்த்த நாளில் நான்காவது ஆளும் ஏறிக்கொள்வார். அமெரிக்கக் கம்பெனிகள் 1930களின் கடைசியில் கியரைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டீரிங் தண்டில் மாட்டியதற்கு இந்த இடவசதி ஒரு பெரிய காரணம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார் வழியாக அது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த கார் ஆலைக்கு வந்தது. 1950களின் கடைசியில் அம்பாசிடர் என்ற பெயரில் நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் அப்பாவின் பட்டறை மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோட்டை ஒட்டி இருந்தது. மலையிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் இறங்கிவரும் மண்டி ஊர் அது. லாரிகள் தவிர, சின்ன லோடுக்கு மெட்டாடோர். ஆள் ஏற்ற அம்பாசிடர் டாக்ஸி. கல்லாறு தாண்டினால் குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்க வேண்டும், வளைந்ததும் கூட்ட வேண்டும். சமவெளியில் ஒரு வண்டியின் கியர் ராடு ஒரு மாதத்தில் படும் பாட்டை இங்கே சில நாளிலேயே பட்டுவிடும். அதனால்தான் ஹேண்ட் கியர் வேலை எங்கள் பட்டறையில் ஓய்ந்ததே இல்லை.

அந்த அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராடைத் தன் பக்கம் இழுத்தால் ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் தள்ளினால் இன்னொரு வரிசை. மேலும் கீழும் அசைத்தால் அந்த வரிசைக்குள் கியர் விழும். வரிசையைத் தேர்ந்தெடுப்பது ஒரு அசைவு, கியரைப் போடுவது இன்னொரு அசைவு. இரண்டும் ஸ்டீரிங் தண்டை ஒட்டியே கீழே இறங்கி, அடியில் இரண்டு சின்ன லிவர்களாகப் பிரிந்து, லிங்க் ராடுகள் வழியாகக் கியர் பெட்டிக்குப் போகும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அது உள்ளே சுழல புஷ் என்ற ஒரு சின்ன வளையம், பின் கழன்றுவிடாமல் ஒரு ஸ்பிளிட் பின். மேலே கை பிடிக்கும் இடத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையே இப்படிப் பல மூட்டுகள். ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தால் போதும், எல்லாம் கூடி மேலே குமிழில் நாலு விரல் ஆட்டமாக வந்து நிற்கும்.

தேய்மானம் தன்னை முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் ராடு வெறுமனே ஆடும். பிறகு செகண்ட் எங்கே இருக்கிறது என்று கை தேட ஆரம்பிக்கும். அதற்கும் வண்டிக்காரர் அசையவில்லை என்றால் ஒரு நாள் லாக் ஆகும். செகண்டிலிருந்து தேர்டுக்குப் போகிறபோது முதல் வரிசை முழுசாக நடுவுக்குத் திரும்புவதற்குள் கை அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டால், கியர் பெட்டிக்குள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ராடு மேலேயும் போகாது, கீழேயும் வராது. கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். அம்பாசிடர் என்றால் டிரைவர் பானட்டைத் திறந்து, அடியில் இருக்கும் லிவர்களைக் கையாலேயே தட்டி நேராக்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறுவார். மலை ரோட்டில் இதைப் பார்க்காதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஓட்டத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு இன்றைக்கும் பெரிய வித்தையாகவே படுகிறது. வண்டிக்காரரையே சீட்டில் உட்கார வைப்பார். தான் அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். "மெல்ல ஆட்டுங்க... இன்னும் மெல்ல... அங்கயே நிறுத்துங்க" என்று குரல் மட்டும் வரும். மேலிருந்து வரும் அசைவு எந்த மூட்டு வரைக்கும் வருகிறது, எந்த மூட்டில் ஒரு கணம் தாமதித்துப் பிறகு அடுத்த துண்டுக்குப் போகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். தாமதிக்கும் இடம்தான் வேலை செய்ய வேண்டிய இடம். சில வண்டியில் அடியில் எல்லாம் இறுக்கமாக இருக்கும். மேலே ராடு திரும்பும் பின்தான் தேய்ந்திருக்கும். சிலதில் ஸ்டீரிங் தண்டைப் பிடிக்கும் கிளாம்பே தளர்ந்து, தண்டோடு சேர்ந்து எல்லாமே அசையும். இதைப் பார்க்காமல் புஷ் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது என்பார்.

கழற்றிய பின்னை என்னிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒரு பக்கம் உருண்டையாகவே இருக்கும். இன்னொரு பக்கம் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு விழுந்து நகம் தடுக்கும். புஷ்ஷின் துளை வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருக்கும். ஒரிஜினல் புஷ் கிடைக்காத நாளில் பக்கத்து லேத்துக்கு ஓட வேண்டியது என் வேலை. லேத்துக்காரர் கன்மெட்டலில் கடைந்து தருவார். அவருக்கும் அப்பாவுக்கும் இருந்த அளவு எண்ணில் இல்லை: பின்னைப் போட்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், காதருகே வைத்து உதறினால் சத்தம் வரக் கூடாது. கிரீஸ் தடவி, பின்னைச் செருகி, புது ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் விரித்து மடக்குவார். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போட யாரையும் விட்டதில்லை. கடைசியாக, கியர் பெட்டியை நியூட்ரலில் வைத்து, மேலே ராடும் நியூட்ரல் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, லிங்க் ராடின் மரையைத் திருகி நீளத்தைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குவார். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் புது புஷ் போட்டும் பயனில்லை.

கம்பி கட்டி அனுப்புவதும் ஒரு வழக்கம். சைக்கிள் டியூபை வெட்டிப் பின்னில் சுற்றி, மேலே கட்டுக்கம்பி. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இரண்டு நாள் தாங்கும். மலைக்குப் போகும் வண்டிக்கு அப்பா அதைச் செய்ய மாட்டார். என் தாய்மாமாவே மெட்டாடோர் வைத்திருந்தார். அவரோடு நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏனுங் மச்சான், மேல லோடு கட்டி வெச்சிருக்காங்க. இன்னைக்கு மட்டும் கம்பியக் கட்டிக் குடுங்க, வந்து பாத்துக்கலாம்."

"லோடோட எறங்கறப்ப ரெண்டுல இருந்து நழுவுச்சுன்னா கம்பி வந்து புடிக்குமா? வண்டி நிக்கட்டும். லோடுக்கு வேற வண்டி சொல்லி விடு."

மாமா முகம் சுருங்கியது. ஆனால் வண்டியை விட்டுவிட்டுத்தான் போனார். அப்பாவின் பிடிவாதத்துக்குக் காரணம் மலைச் சரிவு. இறக்கத்தில் செகண்டில் வந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிரேக் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறை பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பலகை சொல்வதை வண்டி செய்ய வேண்டுமென்றால், அடியில் கிடக்கும் அந்தச் சின்ன புஷ் சரியாக இருக்க வேண்டும்.

1983-ல் மாருதி 800 தரைக் கியரோடு வந்தது. 1990களில் இசுசு இன்ஜின் வைத்த அம்பாசிடரும் ஐந்து கியரோடு தரைக்கு மாறியது. ஹேண்ட் கியர் பழங்காலச் சமாச்சாரம் என்று ஆயிற்று. நல்ல நிலையில் இருந்த அம்பாசிடரைக்கூடத் தரைக் கியராக மாற்றித் தரச் சொல்லி வந்தார்கள்; அப்பா மாற்றியும் கொடுத்தார். கழற்றிய தண்டுகளும் லிவர்களும் கோவை உக்கடத்துக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் எடைக்குப் போயின. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது.

இப்போது நடந்திருப்பதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் எங்கள் பட்டறையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கியர் மறுபடி ஸ்டீரிங்குக்கே வந்துவிட்டது. ஹூண்டாயின் ஐயோனிக் 5 மின்சாரக் கார் 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நம் சென்னை ஆலையிலேயே பூட்டப்படுவது. அதில் கியர் தேர்வு ஸ்டீரிங் தண்டில் நீட்டியிருக்கும் ஒரு குச்சியில். முனையை முன்னால் திருகினால் முன்னோக்கி, பின்னால் திருகினால் ரிவர்ஸ், அழுத்தினால் பார்க்கிங். காரணமும் பழைய காரணம்தான்: மின்சாரக் காரில் தரை சமதளம், அந்த இடத்தைக் காலுக்கு விட வேண்டும். ஆனால் குச்சிக்குப் பின்னால் லிவர் இல்லை, லிங்க் ராடு இல்லை, புஷ்ஷும் இல்லை. உள்ளே இருப்பது சென்ஸாரும் வயரும். கை சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்டு, பொருத்தமாக இருந்தால் நிறைவேற்றும். ஓடும் வேகத்தில் தவறிப்போய் ரிவர்ஸில் திருகினாலும் அது ஒத்துக்கொள்ளாது. இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொண்டு மலை ரோட்டில் நிற்கும் சங்கடமும் இல்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லாக் ஆன வண்டிக்குக் கட்டை வைக்க ஓடி, விரல் நசுங்கிய கிளீனர்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்றை இழந்திருக்கிறோம். பழைய ராடு எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் கியர். பார்க்காமலே கைக்குத் தெரியும். புதுக் குச்சி திருகியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எந்த கியர் என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வித்தியாசம் உயிரை வாங்கியதும் உண்டு. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது தரையிலிருந்த லிவர்தான், ஆனால் தள்ளியதும் நடுவுக்கே திரும்பிவிடும் மின்னணு லிவர். பார்க்கிங்கில் போட்டாயிற்று என்று நினைத்துப் பலர் இறங்கிவிட்டார்கள், வண்டி நகர்ந்தது. திருத்தம் முடியாத அந்த வண்டிகளில் ஒன்று அதே ஜூனில் உருண்டு வந்து ஆன்டன் யெல்சின் என்ற இளம் நடிகரை அவர் வீட்டு வாசலிலேயே நசுக்கிக் கொன்றது. ஸ்டார் டிரெக் படங்களில் நடித்தவர், வயது 27.

புஷ்ஷும் முழுசாக ஒழிந்துவிடவில்லை. 2022 ஜூனில் ஃபோர்டு அமெரிக்காவில் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கியர் கேபிளைக் கியர் பெட்டியோடு பிடித்துவைக்கும் ஒரு சின்ன புஷ் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சிதைந்து கழன்றுவிடுகிறது. லிவர் பார்க்கிங்கில் நின்றாலும் கியர் பெட்டி வேறு இடத்தில் நிற்கிறது. அந்தச் செய்தியைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். முட்டி வலியால் அவர் இப்போது பட்டறைக்கு வருவதில்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்து, புஷ் எந்தப் பக்கம் வருகிறது, மேலே மூடி போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். புது புஷ்ஷோடு மூடியும் சேர்த்துப் போடுகிறார்கள் என்றேன். "அதத்தான முதல்லயே செஞ்சிருக்கணும்" என்றார்.

பட்டறையை இன்றைக்குத் தம்பி நடத்துகிறான். ஸ்கேனர் வாங்கியிருக்கிறான், கோளாறின் எண் வரும். அதற்கு மேல் பல வண்டிகளில் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சென்ஸார் போயிருந்தாலும் மொத்தக் குச்சியையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினாலும் கம்பெனியின் மென்பொருளில் பதியாமல் வண்டி அதை ஏற்பதில்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். ஆனால் தம்பிக்கு வேண்டியது அதில் கிடைக்கும் சர்வீஸ் மையத்தின் தொலைபேசி எண் இல்லை. வயரிங் படமும், தனி உதிரிப் பாகமும், பதிவு செய்ய அனுமதியும் வேண்டும். லேத்துக்காரர் ஒரு புஷ் கடைந்து கொடுத்ததால் மாமாவின் வண்டி மறுநாளே மலை ஏறியது. அதே மாதிரி ஒரு வண்டி சின்ன ஊரிலேயே சரியாகி மறுநாள் ஏற வேண்டும் என்பதைத் தவிர அவன் அதிகம் கேட்கவில்லை.

போன மாதம் கல்யாண வாடகைக்கு ஓடும் ஒரு அம்பாசிடர் வந்தது. பழைய ஹேண்ட் கியர், நாலு விரல் ஆட்டம். தம்பி தானே படுக்காமல், ஐடிஐ முடித்துச் சேர்ந்திருக்கும் பையனை அடியில் படுக்க வைத்தான். பையன் நேராக அடி லிவர் புஷ்ஷுக்குக் கையைக் கொண்டுபோனான். "கைய எடு. மொதல்ல மேல இருந்து ஒவ்வொண்ணாத் தொட்டுட்டு வா" என்று தம்பி தடுத்தான். தாமதித்த இடம் மேலே ராடு திரும்பும் பின். அடியில் எல்லாமே நன்றாக இருந்தது. அந்தப் பையனைத்தான் அடுத்து கோவையில் நடக்கும் மின்சார வண்டிப் பயிற்சிக்கு அனுப்புகிறான். கட்டணம் பட்டறைக் கணக்கில்.