சிவப்பு என்றால் வரவு

காணாமல் போன கப்பலின் கடைசிப் பயணத்தில் போன கடிதம் ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்று இங்கிலாந்து வியாபாரி ஒருவருக்கு எழுதிக் கேட்டவன் நான். கப்பலின் பெயர் பசிபிக். அமெரிக்கரான எட்வர்ட் காலின்ஸின் கம்பெனி ஓட்டிய கப்பல். 1856 ஜனவரி 23 அன்று லிவர்பூலில் இருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டது, போய்ச் சேரவில்லை. ஆட்களும் போய்விட்டார்கள், தபால் பைகளும் போய்விட்டன. வியாபாரி மரியாதை தெரிந்த மனிதர். "கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று பதில் போட்டிருந்தார். எவ்வளவு அன்பான மனிதர் என்று நெகிழ்ந்துபோய் வீட்டில் படித்துக் காட்டினேன். அதில் இருந்த கிண்டல் மனைவிக்கு உடனே புரிந்தது. எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

நான் வங்கியில் பற்று வரவு எழுதியே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற நாளில், இனி எந்தப் பேரேட்டையும் கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கடல், புயல், பிரிவு, ஏக்கம் என்று எதையாவது சேர்க்க வேண்டும் என்று ஆசை. அப்படித்தான் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் நீராவிக் கப்பல்கள் சுமந்துபோன கடிதங்களில் விழுந்தேன். பொழுதுபோக்குதான், சொத்தை அழிக்கிற அளவுக்கு இல்லை. சாதாரணக் கடிதங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பெரும்பாலானவற்றில் தபால்தலையே இருக்காது. உறையும் இருக்காது. எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதி, அரக்கு வைத்து அனுப்பிவிடுவார்கள்.

பாய்மரக் கப்பலில் லிவர்பூலில் இருந்து நியூயார்க் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், காற்று எதிர்த்தால் இன்னும் கூடும். 1838 ஏப்ரலில் சிரியஸ் என்ற சின்னக் கப்பலும், பொறியாளர் புருனெல் வடிவமைத்த கிரேட் வெஸ்டர்னும் ஒரு நாள் இடைவெளியில் நியூயார்க்கில் போய் நின்றன. சிரியஸ் முதலில், 22ஆம் தேதி. மறுநாள் கிரேட் வெஸ்டர்ன். முன்னதற்குப் பதினெட்டு நாள், பின்னதற்குப் பதினைந்து.

இதைப் பற்றி எங்கள் தபால்தலைச் சங்கத்தில் பேசச் சொன்னார்கள். சிரியஸில் நிலக்கரி தீர்ந்துபோய், மேசை நாற்காலி, கதவு, கட்டில் எல்லாவற்றையும் உடைத்து உலையில் போட்டு எரித்துக் கரை சேர்ந்தார்கள் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பக்கத்தில் வந்து, "சார், எரிச்சது நாலஞ்சு பீப்பாய் பிசின். நாற்காலி எல்லாம் பின்னாடி ஜோடிச்சது" என்று, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார். மெதுவாகச் சொன்னாரே என்ற நன்றியில் இரண்டாவது காபியும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

இந்தத் துறையில் கால் வைத்தவன் எவனும் சாமுவேல் கியூனார்டைத் தாண்டிப் போக முடியாது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ்காரர். பிரிட்டிஷ் அரசோடு தபால் ஒப்பந்தம் போட்டு, 1840 ஜூலை 4 அன்று பிரிட்டானியா என்ற கப்பலை லிவர்பூலில் இருந்து கிளப்பினார். பன்னிரண்டு நாள் சொச்சத்தில் ஹாலிஃபாக்ஸ், அங்கிருந்து பாஸ்டன். 1842 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா போனது இதே பிரிட்டானியாவில்தான். தனக்குக் கொடுத்த அறை எவ்வளவு சின்னது என்று பயண நூலில் புலம்பித் தள்ளியிருக்கிறார்.

டிக்கன்ஸ் என்ற பெயர் காதில் விழுந்த பிறகு என்னை யார் பிடித்து நிறுத்துவது? பாஸ்டனில் இருந்து லிவர்பூலுக்குப் போன கடிதம் ஒன்று ஏலத்தில் வந்தது. இடது கீழ் மூலையில், சாய்ந்த எழுத்தில், 'பிரிட்டானியா வழியாக' என்று எழுதியிருந்தது. வாங்கினேன். வீட்டுக்கு வந்த மைத்துனரில் இருந்து தண்ணீர் கேன் போடும் தம்பி வரைக்கும் எல்லாரிடமும் காட்டினேன். "டிக்கன்ஸ் படுத்துப் புரண்ட கப்பல்" என்பேன். அந்தத் தம்பி, "யாருண்ணா அது?" என்று கேட்டுவிட்டு, காலி கேனை எடுத்துக்கொண்டு போனான்.

பெரியவரிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, லிவர்பூல் முத்திரையில் தேதியைப் படித்தார். அலமாரியில் இருந்து ஹப்பார்டும் வின்டரும் தொகுத்த தடிமனான புத்தகத்தை எடுத்தார். 1840 முதல் 1875 வரை வட அட்லாண்டிக்கில் தபால் கொண்டுபோன கப்பல்கள் எந்த நாளில் புறப்பட்டன, எந்த நாளில் சேர்ந்தன என்று வரிசையாகப் போட்டிருக்கும் அட்டவணை அது. விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். விரல் நின்ற இடத்தில் பிரிட்டானியா இல்லை. அனுப்பியவர் பிரிட்டானியாவில் போகட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். பை கட்டிய பிறகு கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் கியூனார்டு கப்பல் மாதத்துக்கு ஒன்றுதான். அதனால் ஒரு மாதம் கிடந்து, அடுத்த கப்பலில் போயிருக்கிறது. மூலையில் எழுதும் கப்பல் பெயர், அனுப்பியவரின் விருப்பம், அவ்வளவே. மைத்துனரிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

அதே கடிதத்துக்கு நான் இழைத்த இன்னொரு கொடுமையும் உண்டு. மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, பிரித்து வைத்தால் ஆல்பத்தில் அழகாக உட்காருமே என்று, இஸ்திரிப் பெட்டியை மெல்லிய சூட்டில் வைத்து, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டுத் தேய்த்தேன். பின்பக்கம் அரக்கு இருப்பது நினைவில் இல்லை. நூற்று எழுபது வருஷத்துக்கும் மேலாக உடையாமல் வந்த முத்திரை, யாரோ ஒரு பாஸ்டன் வியாபாரியின் எழுத்து பொறித்த சிவப்பு அரக்கு, இளகிக் கைக்குட்டையில் ஏறிக்கொண்டது. அந்த எழுத்து என்ன எழுத்து என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. புகையின் வாசனை பிடித்து வந்த மனைவி, "ஏங்க, உங்க வேட்டிய ஒரு நாளாவது இப்படி அக்கறையா தேச்சிருக்கீங்களா?" என்றாள். கைக்குட்டையை எறிய மனம் வரவில்லை, அதையும் ஆல்பத்தில் வைத்திருக்கிறேன்.

போகட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கடல் கடந்து போன மகனுக்குத் தாய் எழுதியதாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. முதல் பத்தி, போன கப்பலில் அனுப்பிய கடிதத்தின் நகல். கப்பல் மூழ்கினால் செய்தியும் மூழ்கிவிடுமே என்று வியாபாரிகள் ஒரே விஷயத்தை இரண்டு மூன்று கப்பலில் அனுப்புவார்கள். இரண்டாவது பத்தி, பருத்தி விலை. மூன்றாவது பத்தி, அறுபது நாள் தவணையில் பணம் கேட்கும் பில். எந்தப் பில் ஏற்கப்பட்டது, எது திரும்பியது, யார் கணக்கில் பற்று எழுத வேண்டும். நான் பல வருஷம் உட்கார்ந்திருந்த சீட்டு அது, பில்ஸ் டிபார்ட்மென்ட். தப்பித்து ஓடிப்போய் அட்லாண்டிக்கில் குதித்தேன், அங்கேயும் அதே நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இது தற்செயல் இல்லை என்பது பிறகு விளங்கியது. காதல் கடிதங்களை யாராவது எரித்துவிடுவார்கள், அல்லது பேரப்பிள்ளைகள் குப்பையில் போடுவார்கள். லண்டன் பேரிங் பிரதர்ஸ், லிவர்பூல் பிரவுன் ஷிப்லி போன்ற வணிக நிறுவனங்களுக்குப் போன கடிதங்கள் கட்டுக்கட்டாகப் பிழைத்தது, அங்கே ஒரு குமாஸ்தா இருந்ததால்தான். மடித்த கடிதத்தின் ஓரத்தில் பழுப்பேறிய மையில் அவன் குறித்திருப்பான்: எழுதிய ஊர், தேதி, வந்த தேதி, பதில் போட்ட தேதி. எங்கள் கிளையின் தபால் பதிவேட்டில் நான் எழுதியதும் இதே வரிசையில்தான்.

அந்தக் குமாஸ்தாவின் இனத்தைச் சேர்ந்த நான், கடிதத்தின் முகத்தில் இருந்த கணக்கைப் படிக்கத் தெரியாமல் நின்றதுதான் உச்சம். நியூயார்க்கில் இருந்து இங்கிலாந்துக்குப் போன 1850களின் கடிதம் ஒன்று. விலாசத்தின் மேலேயே கறுப்பு மையில் குறுக்காக இழுத்த பெரிய கிறுக்கல். ஓரத்தில் கறுப்பில் '5' என்று ஒரு முத்திரை. விற்றவருக்கு எழுதினேன்: "விலாசத்தின் மேல் கிறுக்கல் இருப்பதால் விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" குறைத்தார், பாவம். ஐந்து சென்டில் அட்லாண்டிக்கைக் கடந்த கடிதம் என்று அழகான எழுத்தில் குறிப்பு எழுதி ஆல்பத்தில் ஒட்டினேன். பெரியவர் பார்த்தார். "சார், அந்தக் கிறுக்கல்தான் சார் கடிதமே" என்றார்.

அது கிறுக்கல் அல்ல, ஒரு ஷில்லிங் என்று பிரிட்டிஷ் தபால்காரர் அவசரத்தில் இழுத்த கோடு. 1849 பிப்ரவரி 15 முதல் இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 24 சென்ட், இங்கிலாந்தில் ஒரு ஷில்லிங். முன்பணமாகவும் கட்டலாம், வாங்குபவரும் கட்டலாம். அந்த 24ஐப் பிரித்தால், அமெரிக்க உள்நாட்டுப் பங்கு 5, கடல் பங்கு 16, பிரிட்டிஷ் உள்நாட்டுப் பங்கு 3. கடல் பங்கு எந்த நாட்டின் ஒப்பந்தக் கப்பலோ அந்த நாட்டுக்கு. என் கடிதம் காசு கட்டாமல் கியூனார்டு கப்பலில் போனது. முழு ஷில்லிங்கையும் இங்கிலாந்தில் வசூலிப்பார்கள், அதில் 5 சென்ட் எங்களுக்கு வரவேண்டும் என்று நியூயார்க் தபால் நிலையம் அடித்த முத்திரைதான் அந்த '5'. பச்சையாகச் சொன்னால் இன்டர்-பிராஞ்ச் ரீகன்சிலியேஷன், கிளைக்கும் கிளைக்கும் நடுவே கணக்கை நேர் செய்வது. அந்த வேலைக்காக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கிளையில் தொலைத்தவன் நான்.

புரிந்துவிட்டது என்று நினைத்ததுதான் அடுத்த சறுக்கல். கண்காட்சி ஒன்றில் என் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். சிவப்பில் '19' என்று முத்திரை விழுந்த கடிதத்தைக் காட்டி, "இது பாக்கி. வாங்குறவர் பத்தொன்பது சென்ட் கட்டணும்" என்று விளக்கினேன். எங்கள் பேரேட்டில் சிவப்பு மை என்றால் கணக்குக்காரர் கூடுதலாக எடுத்துவிட்டார் என்று அர்த்தம், மேனேஜர் முகம் மாறிவிடும். ஒரு சின்னப் பெண் கடிதத்தின் மேல் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தாத்தா, இங்க பெய்டுன்னு போட்டிருக்கே. கட்டியாச்சுன்னா அப்புறம் எதுக்குக் கட்டணும்?"

ஏற்பாடு நான் பழகியதற்கு நேர் தலைகீழ். சிவப்பு என்றால் வரவு, கறுப்பு என்றால் பற்று. அனுப்பியவர் 24 சென்டையும் அமெரிக்காவிலேயே கட்டிவிட்டார். போனது பிரிட்டிஷ் கப்பலில், அதனால் கடல் பங்கும் பிரிட்டிஷ் உள்நாட்டுப் பங்கும் சேர்த்து 19ஐ அமெரிக்கா இங்கிலாந்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பழைய தபால்தலையைப் பரிசாகக் கொடுத்து, வேகமாக அடுத்த மேசைக்கு அனுப்பி வைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் எனக்கும் கணக்கு வந்தது. 1847 ஜூனில் அமெரிக்க அரசின் மானியத்தில் வாஷிங்டன் என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் போனது. கொண்டுவந்தது அமெரிக்கக் கப்பல் என்று தெரிந்தும், தன் கப்பலே கொண்டுவந்தது போலப் பிரிட்டிஷ் தபால்துறை ஷில்லிங்கை வசூலித்தது. ஒரே கடலுக்கு இரண்டு கட்டணம். கோபம் கொண்ட அமெரிக்கா 1848 ஜூனில் பதிலடிச் சட்டம் போட்டு, பிரிட்டிஷ் கப்பலில் வரும் கடிதங்களுக்குத் தானும் 24 சென்ட் கடல் கட்டணம் வாங்கியது. ஒப்பந்தம் வரும்வரை சில மாதங்களே நீடித்த சண்டை. ஆகவே அந்தக் காலக் கடிதங்களுக்குக் கிராக்கி.

ஏலப் பட்டியலில், லிவர்பூலில் இருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு 1848 இலையுதிர் காலத்தில் போன ஒரு கடிதம். ஒரு ஷில்லிங் கட்டிய சிவப்புக் குறி. கூடவே கறுப்பில் '34'. விற்பவர் அந்த எண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, விலையும் மலிவு. காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். கடலுக்கு 24. முந்நூறு மைலுக்கு மேல் போகும் கடிதத்துக்கு உள்நாட்டில் 10. முப்பத்து நான்கு! ஒரு கடிதத்தை நான் தனியாகப் படித்த முதல் தடவை. மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று சாயங்காலமே சங்கத்துக்குப் போய், கரும்பலகையில் கூட்டல் போட்டு, எல்லாருக்கும் விளக்கினேன். பெரியவர் எழுந்து கைகொடுத்தார்.

ஏலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது என்பதை வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைத்துப் பார்த்தேன். என் விலையை ஒருவர் கடைசி நிமிடத்தில் தாண்டிப் போனார். அடுத்த கூட்டத்தில் பெரியவர் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"நல்லா பாருங்க சார். நீங்க அவ்வளவு தெளிவா சொல்லிக் கொடுக்கலேன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்."